முடிச்சே போடாத பின்னல்: குரோஷா, நிட்டிங் புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

வீட்ல ஒரு வேட்டியும் ஒரு பழைய பனியனும் எடுத்துக்கங்க. வேட்டியை ரெண்டு கையால அகலவாக்குல இழுத்து பாருங்க, அசையாது. பனியனை இழுங்க, தொப்பைக்கு தகுந்த மாதிரி வந்துட்டே இருக்கும், விட்டா மறுபடி சுருங்கிக்கும். ரெண்டும் பருத்தி நூல்தான், அப்புறம் ஏன் ஒண்ணு மட்டும் இழுத்த இழுப்புக்கு வருது? இதுக்கு பதில் தெரிஞ்சுட்டா ரெண்டு ஊசில பின்ற நிட்டிங்கும் ஒத்த கொக்கி ஊசில பின்ற குரோஷாவும் முக்கால்வாசி புரிஞ்ச மாதிரிதான், மீதி கைப்பழக்கம்.

வேட்டி நெசவு. பாவு நூல் நீளவாக்குல விறைப்பா நிக்குது, ஊடை குறுக்கால மேலயும் கீழயும் போய்ட்டு வருது, திருபுவனம் பக்கம் தறியை பாத்தவங்களுக்கு இதை சொல்லவே வேணாம். எல்லா நூலும் நேரா இருக்கறதால இழுத்தா விட்டுக்குடுக்க அதுகிட்ட நீளம் கிடையாது. பனியன்ல நூல் நேராவே போகாது, வளைஞ்சு வளைஞ்சு போகும், ஒவ்வொரு வளைவும் கீழ் வரிசை வளைவுக்குள்ள நுழைஞ்சு வெளிய வரும். இழுத்தா வளைவு நிமிருது, விட்டா பழையபடி வளைஞ்சுக்குது. செல்போன் கேமராவை ஜூம் பண்ணி பனியனோட வெளிப்பக்கத்தை பாருங்க, சின்ன சின்ன கவட்டை வரிசையா அடுக்கி வச்ச மாதிரி தெரியும், உள்பக்கம் திருப்பினா குட்டி குட்டி புடைப்பா இருக்கும். அந்த வளைவுக்கு எங்க அத்தை "கண்ணி"ன்னு சொல்லும், நானும் அப்படியே சொல்றேன். ஒரு கண்ணிக்குள்ளேர்ந்து இன்னொரு கண்ணியை இழுக்கிறது, இந்த மொத்த வேலையே அவ்ளோதான்.

நான் மன்னார்குடில தெப்பக்குளம் பக்கம் ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். காலைல ஸ்கூல் பசங்க கூட்டம், சாயங்காலம் ஆதார் பட்டா சிட்டான்னு ஒரு கூட்டம், நடுவுல மதியம் 1 மணிலேர்ந்து 4 மணி வரைக்கும் ஈ ஓட்டணும். போனை பாத்து பாத்து கண்ணு எரிஞ்சதுதான் மிச்சம்னு ஆன ஒரு கோடைல நீடாமங்கலத்து அத்தைகிட்ட போய் உக்காந்து கத்துக்கிட்டேன், ஏழு வருஷம் ஆச்சு. "ஆம்பள இதெல்லாம் பண்ணுவாங்களா தம்பி"ன்னு இன்னமும் கேப்பாங்க. கோயில் வாசல்ல மாலை கட்டுறது யாரு, தறில உக்காந்து பட்டு நெய்யறது யாருன்னு திருப்பி கேட்டா, ரெண்டு பக்கமும் சேத்து எடுத்து குடுங்கன்னு பேச்சை மாத்திடுவாங்க.

சரி, நம்ம ஊர்ல கைவேலைன்னா எல்லார் வீட்லயும் ஒரு வயர் கூடை இருக்கும். அதுல சிவன் கண் முடிச்சுன்னு ஒண்ணு போடுவாங்க, பாக்க அழகு, ஆனா போட்டா போட்டதுதான், பிரிக்கணும்னா உக்காந்து நகம் தேயணும். மீன் வலையும் அதே மாதிரிதான், நாகப்பட்டினம் பக்கம் கடற்கரைல வலை சரி பண்றவங்களை பாத்தீங்கன்னா ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு முடிச்சு விழும். குரோஷா நிட்டிங்ல முடிச்சே கிடையாது. ஆரம்பத்துல ஊசில மாட்டுறதுக்கு ஒரு சுருக்கு போடுவோம், அதுவும் இழுத்தா அவுந்துக்கிற சுருக்கு. அதனால கடைசி கண்ணிலேர்ந்து ஊசியை எடுத்துட்டு நூலை பிடிச்சு இழுத்தா பத்து நாள் வேலை ரெண்டு நிமிஷத்துல திரும்ப நூலா மடில வந்து விழும். முதல்ல கேக்குறப்போ வயித்தை கலக்கும், ஆனா புதுசா கத்துக்கறவங்களுக்கு இதை விட பெரிய தைரியம் ஒண்ணு கிடையாது. துணியை தப்பா வெட்டிட்டா துணி போச்சு, மாவு உப்பு கூடிட்டா மாவு போச்சு, இங்க எதுவுமே போகாது. நான் ஒரே நூலுண்டைல முதல்ல பை போட்டேன் பிடிக்கல, அப்புறம் தொப்பி போட்டேன் தலைக்கு பத்தல, கடைசில வாட்டர் பாட்டில் உறையா நின்னுச்சு. பிரிச்ச நூல் இடியாப்பம் மாதிரி சுருண்டுக்கிட்டு இருக்கும், சிட்டமா, அதாவது பெரிய வளையமா சுத்தி தண்ணில நனைச்சு கொடில தொங்க விட்டா நேராயிடும்.

இப்ப ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு பாப்போம், இதுல நிறைய பேருக்கு குழப்பம், வீட்ல எல்லாத்தையும் "ஸ்வெட்டர் பின்றது"ன்னே சொல்லிடுவாங்க. குரோஷால ஒரே ஊசி, நுனில கொக்கி இருக்கும். எந்த நேரமும் ஊசில ஒரு கண்ணிதான் உயிரோட இருக்கும், மத்ததெல்லாம் முடிஞ்ச கணக்கு. நிட்டிங்ல ரெண்டு ஊசி, கொக்கி கிடையாது, ஒரு வரிசைல 60 கண்ணி இருந்தா 60-ம் திறந்த வாயோட ஊசில உக்காந்திருக்கும், ஒவ்வொண்ணா இந்த ஊசிலேர்ந்து அந்த ஊசிக்கு மாத்தணும். குரோஷா பாதில கீழ விழுந்தா ஒண்ணும் ஆகாது, கண்ணியை தேடி மாட்டிக்கிட்டு தொடரலாம். நிட்டிங் விழுந்தா கதையே வேற. நான் அத்தைக்கு மார்கழிக்குன்னு ஒரு மஃப்ளர் போட்டுட்டு இருந்தேன், மச்சினன் பையன் வந்தான், ஒரு ஊசியை உருவி வாள்னு சொல்லிட்டு தெருவுக்கு ஓடிட்டான். திரும்பி வர்றதுக்குள்ள நாலஞ்சு கண்ணி நழுவி ஏணிப்படி மாதிரி கீழ வரைக்கும் இறங்கிடுச்சு. ஏணியை சரி பண்றதுக்கும் குரோஷா ஊசிதான் தேவைப்பட்டுச்சு, கீழேர்ந்து ஒவ்வொரு படியா கொக்கில பிடிச்சு மேல ஏத்தணும். அதனால நிட்டிங் பண்றவங்க பைலயும் ஒரு குரோஷா ஊசி கிடக்கும்.

எதுல ஆரம்பிக்கிறதுன்னு கேட்டா நான் குரோஷான்னுதான் சொல்லுவேன். நம்ம ஊர் வெயிலுக்கு ஸ்வெட்டர் யாரும் போடப்போறதில்ல, தோரணம், பை, மேஜை விரிப்பு, பொம்மை, இதெல்லாம் குரோஷா பக்கம். நிட்டிங் துணி மெல்லிசா தொங்கி உடம்போட ஒட்டும், குரோஷா துணி கொஞ்சம் தடிமனா விறைப்பா நிக்கும், அதே அளவுக்கு நூலும் கூடுதலா தின்னும்.

இன்னொரு விஷயம் எனக்கு ரொம்ப பிடிச்சது. நிட்டிங்க்கு மெஷின் வந்து நானூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, 1589-ல இங்கிலாந்துல வில்லியம் லீன்னு ஒருத்தர் காலுறை பின்ற மெஷின் பண்ணாரு, இன்னிக்கு திருப்பூர்ல ஓடுற பனியன் மெஷின் எல்லாம் அந்த வழிதான். குரோஷாவை அப்படியே போடுற மாதிரி மெஷின் இன்னமும் கடை வேலைக்கு வரல. அதாவது எங்கயாவது நிஜமான குரோஷா பொருளை நீங்க பாத்தா அது யாரோ ஒருத்தர் கையால ஒவ்வொரு கண்ணியா போட்டது. ஆந்திரால கோதாவரி டெல்டால நரசாபுரம்னு ஒரு ஊர் இருக்கு, 19-ம் நூற்றாண்டுல மிஷனரிங்க கத்துக்குடுத்த குரோஷா லேஸ் அங்க ஒரு பெரிய தொழிலாவே ஆயிடுச்சு, பெண்கள் வீட்ல இருந்துக்கிட்டே போட்டு குடுப்பாங்க, 2024-ல அதுக்கு புவிசார் குறியீடும் கிடைச்சுது. ஆனா நடு ஆளுங்க கை மாறி மாறி போறதுல போடுறவங்களுக்கு கிடைக்கிற கூலி ரொம்ப சொற்பம். எங்க அத்தை போட்ட வாசல் தோரணத்தை பாத்துட்டு ஒரு அம்மா "இதுக்கு போய் இவ்ளோ விலையா, பிளாஸ்டிக்ல இதைவிட நல்லா இருக்கு"ன்னு சொன்னப்போ அத்தை ஒண்ணும் சொல்லல, தோரணத்தை மடிச்சு உள்ள வச்சுட்டு காபி போட போயிடுச்சு.

சாமான் என்ன வேணும்? ஒரு கொக்கி ஊசி, ஒரு நூலுண்டை, கத்திரிக்கோல், கண்ணு பெருசா உள்ள ஒரு தையல் ஊசி, நாலு ஊக்கு. அவ்ளோதான். கும்பகோணம் பெரிய கடைத்தெரு, மாயவரம் பட்டமங்கலத் தெரு, தஞ்சாவூர் கீழவாசல் பக்கம்லாம் தையல் சாமான் கடைல கேட்டா கிடைக்கும், ஆன்லைன்லயும் இருக்கு. ஊசில நம்பர் இருக்கும், அது எம்எம் கணக்கு. ஆரம்பத்துக்கு 3.5 இல்ல 4 எம்எம் வாங்குங்க. அத்தை காலத்து டிவி கவர், ஃபிரிட்ஜ் கவர் எல்லாம் போட்ட மெல்லிசு இரும்பு ஊசி 1 எம்எம், ஒண்ணே கால் எம்எம் இருக்கும், ஆசைப்பட்டு அதுல ஆரம்பிச்சீங்கன்னா ரெண்டாம் நாளே கண்ணு வலிக்குதுன்னு மூலைல போட்டுடுவீங்க. நூலும் அதே மாதிரி, தடியா வெளிர் கலரா வாங்குங்க. கருப்பு நூல் வேணவே வேணாம், கண்ணி எங்க இருக்குன்னே தெரியாது.

கடைல உல்லன் நூல்னு கேட்டா குடுக்குறது பெரும்பாலும் அக்ரிலிக்தான், கம்பளியே இல்ல. விலை கம்மி, கலர் பளிச்சுனு இருக்கும், பொம்மைக்கும் தோரணத்துக்கும் சரி. ஆனா நம்ம பக்கம் இருக்கிற வேர்வைக்கு கைல ஒட்டிக்கிட்டு கொக்கில வழுக்காம இழுக்கும், சூடு பட்டா வேற உருகிடும், அதனால சூடான பாத்திரத்துக்கு அடில வைக்கிறதுக்கு அதுல போடாதீங்க. பருத்தி நூல்தான் டெல்டாவுக்கு தோது. அதுல ஒரு குறை, ஐப்பசி கார்த்திகை மழைல துவைச்சீங்கன்னா ரெண்டு நாள் ஆனாலும் காயாது, முடை நாத்தம் வந்துடும், அந்த மாசத்துல துவைக்கிறதை தள்ளி போடுங்க. அப்புறம் பெருசா எதாவது போடப்போறீங்கன்னா நூல் மொத்தத்தையும் ஒரே நாள்ல வாங்கிடுங்க, லேபிள்ல சாய நம்பர்னு ஒண்ணு இருக்கும், எல்லா உண்டைலயும் அது ஒண்ணா இருக்கான்னு பாத்து வாங்கணும், ஒரே பேர் ஒரே கலர்னாலும் வேற தொட்டில சாயம் போட்டிருந்தா நடுவுல கோடு விழுந்த மாதிரி காட்டிக்குடுத்துடும்.

இனி கைக்கு வருவோம். எல்லாருக்கும் முதல்ல வர்ற பிரச்சனை இறுக்கம். பயத்துல நூலை அப்படியே முறுக்கி பிடிச்சுப்போம், கண்ணி சின்னதாயிடும், அடுத்த வரிசைல கொக்கி உள்ள நுழையாது. என் முதல் வரிசையை பாத்துட்டு அத்தை "ஏன்டா, பின்றியா இல்ல கழுத்தை நெரிக்கிறியா"ன்னு கேட்டுச்சு. பூ கட்ட தெரிஞ்சவங்களுக்கு இது சட்டுனு வந்துடும், வாழை நார்ல மல்லி கட்டுறப்போ ரொம்ப இழுத்தா காம்பு அறுந்துடும், தளர விட்டா பூ உருவிக்கும், நடுவுல ஒரு இழுப்பு இருக்குல்ல, அதேதான். நூலை இடது கை சுண்டு விரல்ல ஒரு சுத்து சுத்தி ஆள்காட்டி விரல் மேல போட்டுக்கங்க, நூலை விடுறது பிடிக்கிறது எல்லாம் அந்த விரல் பாத்துக்கும்.

முதல்ல சங்கிலி. சுருக்குக்குள்ள கொக்கியை விட்டு, நூலை கொக்கில மாட்டி சுருக்கு வழியா இழுத்தா ஒரு கண்ணி. அதுலேர்ந்து இன்னொண்ணு. பாக்க சின்ன சடை மாதிரி வரும். ஒரு நாள் முழுக்க இதையே பண்ணுங்க, சலிக்கும், பரவால்ல. அடுத்தது சிங்கிள்: பழைய கண்ணிக்குள்ள கொக்கியை விட்டு நூலை இழுத்தா கொக்கில ரெண்டு வளையம் இருக்கும், மறுபடி நூலை மாட்டி ரெண்டு வழியாவும் ஒரே இழுப்பு. டபுள்னா, உள்ள விடுறதுக்கு முன்னாடியே நூலை ஒரு தடவ கொக்கில சுத்திக்கணும், இழுத்தா மூணு வளையம் வரும், ரெண்டு ரெண்டா ரெண்டு தடவை இழுத்து முடிக்கணும். சிங்கிள் குட்டை, டபுள் ஏறக்குறைய அதுக்கு ரெண்டு மடங்கு உயரம். உயரம் வித்தியாசப்படுறதாலதான் வரிசை திரும்புறப்போ சிங்கிளுக்கு 1 சங்கிலியும் டபுளுக்கு 3 சங்கிலியும் போட்டு மேல ஏறிக்கிறோம், படி ஏறாம மாடிக்கு போக முடியாதுல்ல.

இங்கதான் முக்கோண வியாதி வரும். சதுரமா ஆரம்பிச்சிருப்பீங்க, பத்து வரிசை போறதுக்குள்ள சமோசா மாதிரி சுருங்கி நிக்கும். வரிசையோட கடைசி கண்ணி ஓரத்துல ஒளிஞ்சுக்கும், நாம அதை விட்டுட்டு திரும்பிடுவோம், வரிசைக்கு ஒண்ணு விட்டா பத்து வரிசைல பத்து போச்சு. மருந்து ரெண்டுதான், ஒவ்வொரு வரிசையும் எண்ணுங்க, முதல் கண்ணிலயும் கடைசி கண்ணிலயும் ஒரு ஊக்கை குத்தி வைங்க. அலுப்பா இருந்தாலும் எண்ணுங்க. என் முதல் தோரணம் முக்கோணமா வந்து, அதையே வேணும்னு பண்ண மாதிரி அஞ்சு முக்கோணம் போட்டு வாசல்ல தொங்க விட்டேன், யாரும் கேக்கல.

வட்டம் போடுறதுல ஒரு அழகான கணக்கு இருக்கு. சிங்கிள்ல போட்டா முதல் சுத்து 6 கண்ணி, அடுத்து 12, 18, 24ன்னு சுத்துக்கு ஆறு ஆறா கூட்டணும், அப்பதான் தட்டையா வரும். ஏன் ஆறு? வட்டத்தோட ஆரம் ஒரு பங்கு கூடினா சுத்தளவு 2 பை (π), அதாவது 6.28 பங்கு கூடும், சிங்கிள் கண்ணியோட உயரமும் அகலமும் ஏறக்குறைய ஒண்ணுங்கறதால ஆறு சரியா உக்காந்துடுது, டபுள் ரெண்டு மடங்கு உயரம்ங்கறதால சுத்துக்கு 12 கூட்டணும். எட்டாங்கிளாஸ்ல இந்த பை எதுக்குடான்னு திட்டிட்டு இருந்தவன் நான், நாப்பது வயசுல ஒரு நூலுண்டை வந்து சொல்லிக்குடுத்துச்சு. ஆறுக்கு கம்மியா கூட்டினா ஓரம் மேல தூக்கி கிண்ணம் மாதிரி ஆகும், தொப்பி போடுறது அப்படித்தான். ஆறுக்கு மேல கூட்டிட்டே போனா இடம் பத்தாம ஓரம் மடிஞ்சு மடிஞ்சு நெளியும், நம்ம கோழிக்கொண்டைப் பூ இருக்குல்ல, அச்சு அசல் அதே மாதிரி. இந்த நெளிவை வச்சே 1997-ல அமெரிக்கால கார்னெல் யுனிவர்சிட்டில இருந்த டைனா டைமினான்னு ஒரு கணக்கு டீச்சர், பேப்பர்ல செஞ்சு காட்டுறதுக்கு கஷ்டமான ஹைபர்பாலிக் தளத்தை, அதாவது எங்கயும் தட்டையா இல்லாம நெளிஞ்சு விரிஞ்சுட்டே போற பரப்பை, குரோஷால போட்டு ஸ்டூடண்ட்ஸ் கைல குடுத்தாங்க. கோழிக்கொண்டை பாத்து வளந்த நமக்கு அது ஒண்ணும் புதுசு இல்லன்னு எனக்கு ஒரு பெருமை, சும்மா ஒரு அல்ப பெருமைதான்.

வீடியோ பாத்து கத்துக்கறவங்க ஒரு குழியை தாண்டணும். அமெரிக்கால சிங்கிள்னு சொல்றதை இங்கிலாந்துல டபுள்னு சொல்லுவாங்க, அமெரிக்காக்காரன் டபுள் இங்கிலாந்துல டிரெபிள். நம்ம ஊர்ல ரெண்டும் கலந்து ஓடுது, பழைய தையல் டீச்சர்ங்க இங்கிலாந்து கணக்கு, யூட்யூப் பாத்தவங்க அமெரிக்க கணக்கு. நான் ஒரு குழந்தை தொப்பிக்கு டபுள் டபுள்னு போட்டு முடிச்சு பாத்தா பெரியாள் தலைக்கே தொளதொளன்னு இருந்துச்சு, அது இங்கிலாந்து குறிப்பு. ஈஸியா கண்டுபிடிக்கலாம், குறிப்புல எங்கயாவது சிங்கிள்ங்கற வார்த்தை வந்தா அது அமெரிக்கா, ஏன்னா இங்கிலாந்து கணக்குல இப்ப சிங்கிள்னே ஒண்ணு சொல்றதில்ல. மேல நான் சொன்னதெல்லாம் அமெரிக்க கணக்கு.

நிட்டிங் பத்தி கொஞ்சம். அதுல ரெண்டே தையல், நேர் தையல், புரட்டு தையல், உண்மைல ரெண்டும் ஒண்ணுதான், ஒண்ணோட முதுகு இன்னொண்ணு. ஒரு வரிசை நேர் ஒரு வரிசை புரட்டுன்னு போட்டா பனியன் துணி. பழைய பனியனை பிடித்துணிக்கு வெட்டினா ஓரம் தானா சுருட்டிக்கும் பாருங்க, அது துணியோட குணம், நீங்க தப்பு பண்ணதால இல்ல, அதனால முதல் மஃப்ளரை அதுல போட்டு குழாய் மாதிரி ஆயிடுச்சேன்னு அழாதீங்க. எல்லா வரிசையும் நேராவே போட்டா சுருட்டாது, ஆரம்பத்துக்கு அது போதும். ரெண்டு நேர் ரெண்டு புரட்டுன்னு ஒரே வரிசைல மாத்தி மாத்தி போட்டா ஸ்வெட்டர் மணிக்கட்டு மாதிரி இழுவை வரும்.

கை கொஞ்சம் ஓட ஆரம்பிச்சதும் பொம்மை ஆசை வரும். ஜப்பான்காரங்க அமிகுருமின்னு சொல்ற குட்டி பொம்மை, மேல சொன்ன வட்டக்கணக்குதான், ஆறு ஆறா கூட்டிட்டு போய், கொஞ்ச சுத்து கூட்டாம குறைக்காம போட்டா குழாய், அப்புறம் ஆறு ஆறா குறைச்சா மூடிக்கும், உள்ள பஞ்சு. கொலுவுக்கு நான் தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை ஒண்ணு குரோஷால போட்டேன், அடில கூழாங்கல் வச்சு தைச்சேன், தள்ளினா படுத்துக்குச்சு, எந்திரிக்கவே இல்ல. அடி மெத்துனு இருந்தா உருண்டு நிமிராதுன்னு அப்புறம்தான் உறைச்சுது. பிரிச்சு, ஒரு சின்ன கொட்டாங்கச்சிக்குள்ள களிமண் அப்பி காய வச்சு அதை அடில வச்சு மூடினேன், இப்ப தட்டினா ஆடிட்டு நிமிந்து நிக்குது.

நீங்க அதுக்கெல்லாம் அவசரப்படாதீங்க, முதல்ல டபராவுக்கு அடில வைக்கிற ஒரு வட்டம் போடுங்க. பருத்தி நூல், 3.5 எம்எம் ஊசி. 2 சங்கிலி போட்டு, கொக்கிலேர்ந்து ரெண்டாவது சங்கிலிக்குள்ளயே 6 சிங்கிள். அடுத்த சுத்துல ஒவ்வொரு கண்ணிலயும் ரெண்டு ரெண்டு, 12. அதுக்கடுத்து ஒண்ணுல ஒண்ணு, அடுத்ததுல ரெண்டு, 18. அப்புறம் ஒண்ணு ஒண்ணு ரெண்டு, 24. இப்படியே நடுவுல ஒவ்வொண்ணா கூட்டிட்டு 36 வரைக்கும் வாங்க. ஒவ்வொரு சுத்தோட முதல் கண்ணிலயும் ஊக்கை மாத்திக்கிட்டே வரணும், இல்லன்னா எங்க ஆரம்பிச்சோம்னே தெரியாது. டபராவை மேல வச்சு பாருங்க, பத்தலன்னா இன்னும் ஒரு சுத்து. சரியா இருந்தா ஒரு சாண் நூல் விட்டு வெட்டி, வாலை கடைசி கண்ணி வழியா முழுசா இழுத்துடுங்க, தையல் ஊசில கோத்து பின்பக்கம் நாலு கண்ணிக்குள்ள ஓட்டி மறைச்சுடுங்க. வெட்டுறதுக்கு முன்னாடி மட்டும் இன்னொரு தடவை எண்ணிடுங்க, வாலை இழுத்துட்டா அப்புறம் பிரிக்க முனைய தேடணும்.